ஒட்டாத எபாக்ஸி: உடைந்த பொம்மைக்கும் தாங்கிக்கும் புட்டி வைக்கும் முறை

மும்பை மாட்டுங்காவில் எங்கள் பெரியம்மா வீட்டுக் கொலுவில் ஒரு கிருஷ்ணர் உண்டு. பண்ருட்டி மண் பொம்மை. புல்லாங்குழல் பிடித்த கை முழங்கையோடு உடைந்த வருடம், "எதுக்குடா இவ்வளவு யோசனை? குழாய்க் கசிவுக்கு வாங்கின புட்டி பாக்கி இருக்கு, அதை வெச்சு அப்பு" என்றார் பெரியம்மா. அப்பினேன். கல் மாதிரி நின்றது. மறு வருடம் அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கும்போது கை ஓரத்தில் லேசாக இடித்தது. புட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேலே இருந்த தோள்பட்டைதான் மண்ணும் வர்ணமுமாகப் பெயர்ந்து வந்தது.

தப்பு புட்டியுடையதல்ல, என்னுடையது. சுட்ட மண்ணைவிட அந்தப் புட்டியிலுள்ள எபாக்ஸி பலமடங்கு வலுவானது. இரண்டையும் நேரடியாகப் பிணைத்துவிட்டால் அடுத்த அடியை வாங்குவது எப்போதும் பழைய பொருள்தான். இப்போது செம்பூரில் ஒரு சின்ன அறையில் சேகரிப்பாளர்களுக்கும் கண்காட்சிகளுக்கும் தாங்கிகள், அதாவது பொருளை விழாமல் நிறுத்திவைக்கும் பிடிப்புகள், செய்து தருகிறேன். மாதம் இரண்டு பேராவது உடைந்த பொருளோடு வந்து, "எந்தப் புட்டி நன்றாக ஒட்டும்?" என்று கேட்கிறார்கள். நன்றாக ஒட்டுவது பிரச்சினையே இல்லை. பழைய பொருள்களில் வேலை செய்யும்போது, எபாக்ஸியைப் பொருளில் ஒட்டவிடாமல் வைத்துக்கொள்வதுதான் முழு வேலையும்.

முதலில், கை வைக்கலாமா?

நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம், விக்கிரகம், கைவினைப் பொருள் என்றால் அது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். கையெழுத்துச் சுவடி போன்றவற்றுக்கு 75 வருடம். அப்படிப்பட்டதை வீட்டு மேசையில் வைத்துப் புட்டி போடாதீர்கள். கோட்டைப் பகுதியில் உள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயத்தில், பழைய பெயர் சொன்னால்தான் டாக்ஸிக்காரருக்குப் புரியும், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில், பழம்பொருள்களைச் சீர்செய்து காப்பதற்கென்றே தனி மையம் இருக்கிறது. அங்கே விசாரியுங்கள். உங்களுக்கானது கொலு பொம்மை, மரப்பாச்சி, தாத்தா வாங்கிய பீங்கான் ஜாடி, சோர் பஜாரில் ஐநூறு ரூபாய்க்கு எடுத்த மரச் செதுக்கு.

அவற்றிலும் நேரே இறங்க வேண்டாம். தாராவி கும்பர்வாடாவுக்குப் போனால் சூளையில் விரிசல் விட்ட அகல்களும் சின்னச் சட்டிகளும் அநேகமாகச் சும்மாவே கிடைக்கும். பத்து எடுத்து வந்து, வேண்டுமென்றே உடைத்துப் பழகுங்கள். நான் பழகியது அப்படித்தான். முதல் ஆறும் குப்பைக்குப் போயின.

எதை வாங்குவது

எபாக்ஸி புட்டி என்பது இரண்டு பொருள். ஒன்று ரெசின், மற்றது ஹார்டனர். இரண்டிலும் டால்க், சுண்ணப்பொடி மாதிரி ஏதாவது நிரப்புப் பொடி கலந்து மாவாக்கியிருப்பார்கள். பிசைந்ததும் இரண்டும் வினைபுரிந்து ஒரே வலைப்பின்னலாக மாறிவிடும். இது ஃபெவிகால் மாதிரி ஈரம் போய்க் காய்கிற சமாச்சாரம் இல்லை. இறுகிய பிறகு எந்தக் கரைப்பானிலும் கரையாது. சில கடுமையான கரைப்பான்களில் ஊறி உப்பும், சூட்டில் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். அதைப் பொருளிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டும்போது எது முதலில் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது எம்-சீல். குழாய்க்கும் தொட்டிக்கும் அருமையான சாமான். தாங்கியின் உள்பாகத்துக்கு, அதாவது பொருளைத் தொடாத இடத்துக்கு, நானும் எடுத்துக்கொள்வேன். ஆனால் கனம் அதிகம், நயமான வேலைக்கு மணல்தன்மை தெரியும். மண் பொம்மைக்கும் பீங்கானுக்கும் வேல்ஸ் நாட்டு மில்லிபுட், அமெரிக்காவின் அபாக்ஸி ஸ்கல்ப்ட் போன்றவற்றை வரவழைக்கலாம். விலை கடிக்கும். மில்லிபுட்டில் சூப்பர்ஃபைன் ஒயிட் என்ற ரகம் பீங்கானுக்கு நன்றாக இருக்கும், டெரகோட்டா நிறத்திலும் ஒன்று உண்டு. பிசைந்தபின் சுமார் ஒரு மணி நேரம் கைக்கு அடங்கும், மூன்று நான்கு மணியில் கெட்டியாகும். அபாக்ஸி ஸ்கல்ப்ட் இன்னும் நிதானம், முழுதாக இறுக 24 மணி நேரம். புதைபடிவ எலும்புகளை நிறுத்துகிறவர்களுக்கு அது மிகவும் பிடித்தமானது.

ஐந்து நிமிடத்தில் இறுகும் அவசர ரகங்களிடம் ஜாக்கிரதை. அவற்றில் பலவற்றின் ஹார்டனரில் கந்தகம் சேர்ந்த மெர்காப்டன் இருக்கும். பாக்கெட்டைப் பிரித்ததும் வரும் அந்த அழுகல் வாடையே அடையாளம். வெள்ளிப் பாத்திரம், செப்புக் காசு இருக்கும் அலமாரிக்குள் அதை வைத்தால் கொஞ்ச நாளில் உலோகம் கறுக்கும். அருங்காட்சியகங்கள் புட்டி மாதிரி ஒரு சாமானைக் காட்சிப் பெட்டிக்குள் அனுமதிக்கும் முன் ஆடி சோதனை செய்வார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973இல் கொண்டுவந்த முறை அது. வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளைச் சோதிக்கும் பொருளோடு கண்ணாடிக் குடுவையில் ஈரத்துடன் அடைத்து, 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். வீட்டில் அது முடியாது. ஆனால் இறுகிய புட்டித் துண்டு, பளபளவென்று தேய்த்த ஒரு பழைய வெள்ளி மெட்டி, நனைத்த பஞ்சு மூன்றையும் ஊறுகாய் பாட்டிலில் ஒன்றையொன்று தொடாமல் அடைத்து, மாடி வெயிலில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். மெட்டி கறுத்தால் அந்தப் புட்டி பூஜை அறை அலமாரிக்கு ஆகாது. கறுக்காவிட்டால் முழுச் சான்றிதழ் என்று அர்த்தமில்லை, கண்ணுக்குத் தெரிந்த வில்லன் இல்லை என்று மட்டும் அர்த்தம்.

மற்றபடி நாக்தேவி தெருவில் அரமும் சின்ன இடுக்கிகளும், குலால்வாடியில் பித்தளைக் கம்பியும், பிரின்சஸ் தெருவில் அசிட்டோன் என்ற கரைப்பானும் வாங்கிக்கொள்ளுங்கள். கையுறை நைட்ரைலாகவே இருக்கட்டும். ரப்பர் கையுறை எபாக்ஸியைத் தடுக்காது. முதல் ஐம்பது தடவை வெறுங்கையால் பிசைந்தால் ஒன்றும் ஆகாது, ஐம்பத்தோராவது தடவை விரல் இடுக்கெல்லாம் தடித்து அரிக்கும். அப்படி ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது. என் கூட வேலை பார்த்த ஒரு பையன் அதனாலேயே இந்தத் தொழிலை விட்டுவிட்டான்.

தடுப்புப் பூச்சு

பாரலாய்டு பி-72 என்ற பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்கண்டு நொறுக்கிய மாதிரி தெளிவான குருணையாக வரும் அக்ரிலிக் ரெசின். பழம்பொருள் பாதுகாப்பு வேலைக்கான சாமான் விற்கிறவர்களிடம் கொஞ்சமாகவும் கிடைக்கும். வருடக்கணக்கில் மஞ்சளாகாது, எப்போது வேண்டுமானாலும் அசிட்டோனில் திரும்பக் கரையும். இது பொருளுக்கும் எபாக்ஸிக்கும் நடுவே நிற்கும் திரை.

கரைப்பது கஷாயத்துக்குப் பொட்டலம் கட்டுவது மாதிரிதான். பத்து கிராம் குருணையைப் பழைய பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து, நூறு மில்லி அசிட்டோன் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் திரவத்தின் மேல்பாகத்தில் தொங்கவிட்டு மூடிவிடுங்கள். காலையில் முழுதும் கரைந்திருக்கும். நேரே கொட்டினால் அடியில் பிசுபிசுவென்று கட்டிபட்டு மூன்று நாள் இழுக்கும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அசிட்டோன் தின்றுவிடும். அடுப்பு எரியும் சமையலறையில் இந்த வேலையே கூடாது.

உடைந்த முகத்தை, அதாவது உடைப்பு விட்ட பரப்பை, தூசி போகப் பிரஷ்ஷால் தட்டி, மெல்லிய பிரஷ்ஷில் இரண்டு பூச்சு கொடுங்கள். முதல் பூச்சை மண் குடித்துவிடும், இரண்டாவதுதான் மேலே நிற்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. கொலு பொம்மையின் வர்ணத்தை அசிட்டோன் பெரும்பாலும் கரைத்துவிடும். உடைந்த இடத்தின் வெறும் மண் மேல் மட்டும் பிரஷ் போகட்டும், வர்ண விளிம்புக்கு ஒரு நூலளவு உள்ளேயே நின்றுவிடுங்கள். கை நடுங்குகிறவர்கள் அன்றைக்குக் காபியைத் தவிர்க்கலாம். நான் தவிர்ப்பதில்லை, அதனால் பிரஷ்ஷை மாற்றிவிட்டேன், பூஜ்ஜியம் நம்பர்.

மும்பைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். பி-72 சுமார் 40 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். தகரக் கூரைக்குக் கீழே, பரணில் வைக்கும் பொருளை இதை மட்டும் நம்பி ஒட்டிவிட்டு ஏப்ரலில் கவலைப்பட வேண்டாம், முதலிலேயே இடத்தை மாற்றுங்கள். இரண்டாவது, ஜூலை மழையில் பூசினால் படலம் பால் மாதிரி வெளுக்கும். அசிட்டோன் ஆவியாகும்போது அந்த இடம் சில்லிட்டு, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிவதால் வருகிற கோளாறு. ஏசி போட்ட அறையில், கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியில்லாமல் பூசினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

பிசைவது

பாக்கெட்டில் போட்ட விகிதம்தான் வேதம். பெரும்பாலான புட்டிகள் சம பங்கு. கண் அளவை நம்பாமல் இரண்டையும் ஒரே அளவு உருண்டையாக உருட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். "சீக்கிரம் இறுகட்டும்" என்று ஹார்டனரைக் கூடப் போடுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. அப்படிச் செய்தால் ஜோடி கிடைக்காத ஹார்டனர் உள்ளேயே தங்கி, புட்டி நாள்கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும். வேகம் வேண்டுமென்றால் சூடு கொடுங்கள். தோராயமாகப் பத்து டிகிரி ஏறினால் வேகம் இரட்டிப்பாகும். அதனாலேயே லேபிளில் போட்ட ஒரு மணி நேரத்தை மே மாதத்தில் நம்பாதீர்கள், அரை மணிதான் உங்களுடையது.

சப்பாத்தி மாவு மாதிரி மடித்து மடித்துப் பிசையுங்கள், இரண்டு நிறமும் கோடு தெரியாமல் ஒன்றாகும்வரை. நான் ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்துப் பிசைவேன். நடுவே ஒரு வெளிர்க் கோடு தங்கிவிட்டால் அந்த இடம் இறுகவே இறுகாது. பிறகு பத்து நிமிடம் சும்மா வையுங்கள். புதிதாகப் பிசைந்தது கையில் ஒட்டும், கொஞ்சம் பொறுத்தால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

பெரிய பள்ளத்தை ஒரே கட்டியாக நிரப்ப வேண்டாம். எபாக்ஸி இறுகும்போது சூடாகும், கட்டி பெரிதாக ஆக உள்ளே சூடு தேங்கும், அந்தச் சூட்டில் கீழே உள்ள பி-72 இளகி நழுவும். நடுவே தெர்மகோல் துண்டு வைத்து மேலே புட்டித் தோல் போர்த்தினால் சூடும் குறையும், பொம்மை கனமும் ஏறாது.

கை செய்வது

கிருஷ்ணருக்கே வருகிறேன். தோள்பட்டையைச் சரிசெய்த பிறகு இரண்டாவது முறை கையை இப்படித்தான் செய்தேன். உடைந்த முகத்தில் பி-72 காய்ந்ததும், சமையலறை கிளிங் ஃபிலிமை ஒற்றைப் படலமாகச் சுருக்கமில்லாமல் அதன்மேல் இழுத்துப் படிய வைத்தேன். அதன்மேல் புட்டியை அழுத்தினேன். உடைந்த முகத்தின் மேடு பள்ளமெல்லாம் அப்படியே புட்டியில் பதிந்துவிடும், ஆனால் ஒட்டாது. முழங்கையை உருட்டி, தண்ணீரில் நனைத்த பல் வைத்தியர் கருவியால் விரல்களைப் பிரித்தேன். தண்ணீர் நிறைய வேண்டாம், மேற்பரப்பு சவக் சவக் என்று கூழாகிவிடும்.

இனி காத்திருக்க வேண்டும், தூங்கிவிடக் கூடாது. மைசூர்பாகு வில்லை போடும் பதம் தெரியுமல்லவா, கத்தி இறங்க வேண்டும், ஓரம் உதிரக் கூடாது? புட்டி அந்தப் பதத்துக்கு வந்ததும் மெதுவாக ஆட்டிக் கழற்றுங்கள். உடைப்புக்குள் குழிவான இடம் இருந்தால் புட்டி அங்கே கொக்கி மாதிரி மாட்டியிருக்கும். இந்தப் பதத்தில் வளைந்து வெளியே வரும், முழுதாக இறுகவிட்டால் மண்ணை உடைக்காமல் வராது. கழற்றிய கையை பிளேடால் சீர்செய்து, திரும்பப் பொருத்திப் பார்த்து, மறுபடி கழற்றி, தனியாக ஒரு நாள் இறுக விடுங்கள்.

உப்புத்தாள் போடுவது, வர்ணம் தீட்டுவது எல்லாம் பொம்மையை விட்டுத் தள்ளி, தனிக் கையில்தான். 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. அந்தத் தூளில் டால்க்கும் கண்ணுக்குத் தெரியாத வேறு பொடிகளும் உண்டு, எப்படியும் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அக்ரிலிக் வர்ணம் போதும். பழைய கையின் நீலத்தை நூற்றுக்கு நூறு பிடிக்க மெனக்கெடாதீர்கள். இரண்டடி தூரத்தில் தெரியாமலும், கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்தும் இருக்க வேண்டும். எது பழையது, எது நீங்கள் செய்தது என்று அடுத்த ஆள் குழம்பக் கூடாது.

கடைசியில் ஒட்டுவதற்கும் எபாக்ஸி கிடையாது. அதே பி-72தான், ஆனால் தேன் மாதிரி கெட்டியாக, நூறு மில்லிக்கு நாற்பது ஐம்பது கிராம் போட்டுக் கரைத்தது. இரண்டு சொட்டு வைத்து ஒரு நிமிடம் பிடித்து, மணல் நிரப்பிய கிண்ணத்தில் கை மேலே பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். கனமான கல்லுக்கோ மர நாற்காலிக்காலுக்கோ இந்த ஒட்டு போதாது, அது வேறு கணக்கு.

ஒருமுறை ஆகஸ்ட்டில் செய்த துண்டுக்கு வர்ணமே நிற்கவில்லை, தோல் உரிகிற மாதிரி உரிந்தது. மேலே தடவிப் பார்த்தால் மெழுகு மாதிரி வழுக்கல். ஈரக் காற்றில், ஹார்டனரிலுள்ள அமீன் என்ற ரசாயனம், நீராவியோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேற்பரப்பில் இப்படி ஒரு படலம் விடும். அசிட்டோனால் துடைத்து நேரத்தை வீணாக்கினேன். வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் போதும், இரண்டு நிமிடத்தில் போய்விடும். துண்டு தனியாக இருந்ததால் கழுவ முடிந்தது. பொம்மையோடு ஒட்டியிருந்தால் மண் பொம்மையை எங்கே கழுவுவது?

தாங்கி

என் பிழைப்பு இதில்தான். கொலு பொம்மையைவிட இதில்தான் புட்டி தன் முழுத் திறமையைக் காட்டும். பைகுல்லாவில் பாவு தாஜி லாட் மியூசியத்துக்கு, 1872இல் திறந்த பழைய விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்கு, ஒருநாள் போங்கள். மண்ணில் செய்த மனித உருவங்கள் அங்கே விசேஷம். பொருளைப் பார்த்து முடித்ததும், இரண்டாவது சுற்றில் பொருளை விட்டுவிட்டு அது எப்படி நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். இந்தக் கண் ஒருமுறை வந்துவிட்டால் எந்த மியூசியத்திலும் பக்கத்தில் இருப்பவர் பொறுமை இழப்பார்.

எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டி. விரைவு லோக்கல் போகும்போது அலமாரிக் கண்ணாடி சிணுங்கும். தட்டையான அடி இல்லாத ஒரு சுடுமண் தலை அங்கே நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக விளிம்பை நோக்கி நடந்துகொண்டிருந்தது. அதற்குச் செய்த தாங்கி இது. மூன்று மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை வளைத்து, அடிப்பலகையில் ஊன்றி, தலையைத் தொடப்போகும் மூன்று இடங்களில் சின்ன நாக்குகள் வைத்தேன். நாக்கின் முனையை அரத்தால் நன்றாகக் கீறிவிட வேண்டும். இங்கே மட்டும் புட்டி பிடித்தாக வேண்டும், வழவழப்பான பித்தளையில் அது நிற்காது.

தலையைக் கிளிங் ஃபிலிமால் சுற்றினேன். வாஸ்லைன் தடவலாம் என்று சிலர் சொல்வார்கள், சுடுமண்ணில் அது ஊறி எண்ணெய்க் கறையாக நிரந்தரமாகத் தங்கும், வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு நாக்கிலும் சுண்டைக்காய் அளவு புட்டி வைத்து, தலையை அதன்மேல் இறக்கி, சொந்த கனத்திலேயே பதிய விட்டேன். அழுத்தக் கூடாது. அழுத்தினால் புட்டி பிதுங்கி மேலேறி வளைத்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு தாங்கியாக இல்லாமல் கைவிலங்காகிவிடும். வில்லை பதத்தில் தலையைத் தூக்கிவிட்டு, மறுநாள் புட்டியை அரத்தால் ராவி, முன்னாலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு மெலிதாக்கினேன். தலை மேலே நேராகத் தூக்கினால் தடையில்லாமல் வர வேண்டும், பக்கவாட்டில் தள்ளினால் நகரக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் தாங்கி சரி.

புட்டியும் பொருளும் கடைசியிலும் நேரே தொடக் கூடாது. நடுவே ஒரு மில்லிமீட்டர் பாலிஎத்திலீன் ஃபோம் ஒட்டுங்கள், அந்தத் தடிமனையும் கணக்கில் வைத்தே ராவ வேண்டும். கம்பளி ஃபெல்ட் பார்க்க அழகு, ஆனால் கம்பளியிலும் கந்தகம் உண்டு, வெள்ளிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தாங்கி முழுவதையும் பொருளின் நிறத்தில் அக்ரிலிக் அடித்து, ஒரு வாரமாவது வெளிக்காற்றில் விட்ட பிறகே மூடிய பெட்டிக்குள் கொண்டுபோங்கள். முடிந்தால் இன்னும் கூட.

சீட்டும் கழற்றும் முறையும்

பொம்மையின் அடியிலோ பெட்டியிலோ ஒரு சீட்டு போட்டுவையுங்கள். என்ன புட்டி, எந்தத் தேதி, நடுவே பி-72 இருக்கிறது, கரைக்க அசிட்டோன். பத்து வருடம் கழித்து அதைக் கையில் எடுப்பவர் நீங்களாகவே இருந்தாலும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

செய்து முடித்த கையோடு பழகும் அகலில் ஒரு தடவை கழற்றியும் பாருங்கள். ஊசி போட்ட சிரிஞ்சில் அசிட்டோன் எடுத்து, ஒட்டின கோட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு சின்னப் பாலித்தீன் துண்டால் போர்த்திவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்னொரு சொட்டு. இருபது நிமிடம் கழித்துச் சுண்டுவிரலால் தள்ளினால் துண்டு நகர வேண்டும். நகராவிட்டால் இழுக்காதீர்கள், இன்னும் இரண்டு சொட்டு விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.